தலைமறைவுக்குச் சோறு வைத்த வீடு: டெல்டாவின் போராளிகளைக் கதையாக எழுதப் புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் அப்பாயிக்கு அந்த மனிதரின் பெயர் கடைசிவரை தெரியாது. "தெரிஞ்சா போலீஸ்காரன் அடிக்கிற அடியில சொல்லிப்புடுவோம், தெரியாம இருக்கறதே நல்லதுன்னுட்டாங்க" என்று சொல்லும். 1949 கோடை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். ராத்திரி கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் சோற்றுப் பானையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். பதினோரு நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள் பானை வைத்தபடியே இருந்தது, சோறு அப்படியே.

நான் எழுதிய முதல் கதை இதிலிருந்துதான் வந்தது. அதை மூன்று தடவை தப்பாக எழுதினேன். முதல் தடவை, அந்த மனிதர் பக்கம் பக்கமாகப் பேசினார். இரண்டாம் தடவை, துப்பாக்கிச் சண்டை வந்தது. மூன்றாம் தடவை அப்பாயியைப் புரட்சிப் பெண்ணாக்கிவிட்டேன். கதை சரியாக வந்தது நான்காவது தடவை, வைக்கோல் போருக்கும் அடுப்படிக்கும் இடையிலுள்ள இருபது அடி தூரத்தை மட்டும் எழுதியபோதுதான்.

அரசை எதிர்த்தும் பண்ணையை எதிர்த்தும் நின்றவர்களின் வாழ்க்கையைக் கதையாக்க விரும்பும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: கதை யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக எழுதுகிறவர் முதலில் தலைவரைப் பிடிப்பார். அவரைப் பற்றித்தான் புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, தேதி இருக்கிறது. ஆனால் தலைவரை நடுவில் வைத்தால் கதை வாழ்க்கை வரலாறாக மாறிவிடும். அவர் எப்போது பிறந்தார், எப்போது கைதானார், எப்போது செத்தார் என்று தேதிகள் உங்களை இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் கற்பனை செய்ய இடமே இருக்காது.

நம் பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. டெல்டாவில் மலை இல்லை, காடு இல்லை. முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காட்டை விட்டால் ஒளிய இடமே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. அதனால் இங்கே தலைமறைவானவர்கள் மனிதர்களுக்குள்தான் ஒளிந்தார்கள். ஒரு சேரியின் இருபது குடிசையும் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் ஒரு ஆள் ஒரு வாரம் உயிரோடு இருக்க முடியும். ஆகவே ஒரு தலைமறைவுக்காரரின் கதை குறைந்தது நாற்பது பேருடைய கதை. அந்த நாற்பது பேரில் ஒருவரை எடுங்கள். சோறு வைத்தவர், சேதி கொண்டுபோன சிறுவன், ராத்திரி கதவைத் திறந்துவிட்ட மாமியார், அடி வாங்கியும் சொல்லாதவர், அடி தாங்காமல் சொல்லிவிட்டவர். கடைசியாகச் சொன்னவர்தான் எழுத மிகக் கடினமானவர், மிக அவசியமானவரும்.

1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தையே பாருங்கள். ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுக்கிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலம் கட்டி சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று கேட்டால் மரத்தைத்தான் கேட்க வேண்டும். ராஜாஜியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்தப் பொட்டலத்தை மடித்த கையைப் பற்றி நீங்கள் எழுதலாம். அதே வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தான் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டுச் சிறைக்குப் போனார். பாதி மழித்த முகம் ஒன்று போதும், ஒரு சிறுகதைக்கு.

இரண்டாம் படி: காலத்தைப் பொறுக்குங்கள், ஒரே ஒரு காலத்தை

"ஒரு காலத்தில் நம் விவசாயிகள் போராடினார்கள்" என்று ஆரம்பித்தால் கதை தொலைந்தது. டெல்டாவில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் வேறு வேறு எதிர்ப்பு, வேறு வேறு பயம்.

1940-களில் பண்ணையாள்கள் சங்கம் கட்டினார்கள். கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் இங்கே தமிழ் பேசி, சேரிகளில் தங்கி, சாட்டையடிக்கும், தண்டனையாகச் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பாலுக்கும் எதிராக ஆட்களைத் திரட்டினார். 1948-ல் கம்யூனிஸ்டுகள் மீது அடக்குமுறை வந்ததும் தலைமறைவுக் காலம் தொடங்கியது. சங்கத் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்பு அந்த ஆண்டு திருச்சி சிறையில் இறந்தார். 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் செத்தார்கள். அந்த மே மாதம், தலைமறைவிலிருந்த வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையிலிருந்து மலேயா போய்த் தொழிற்சங்கத் தலைவரான கணபதியைக் கோலாலம்பூரில் தூக்கிலிட்டிருந்தார்கள். கடல் கடந்த சேதி ஒரு தாய்க்கு எத்தனை நாள் கழித்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கேயே ஒரு கதை இருக்கிறது.

1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1957 நவம்பரில் பெரியார் அறிவித்த அரசியல் சட்ட எரிப்பில் ஆயிரக்கணக்கானவர்கள் சிறை போனார்கள். பட்டுக்கோட்டை ராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் சிறையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. 1965 மார்ச்சில் மாயவரத்தில் சாரங்கபாணி என்ற மாணவர் இந்தி எதிர்ப்புக்காகத் தீக்குளித்தார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம்.

நெருக்கடி நிலையை எழுதப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் அடிக்கடி தவறுகிறார்கள். 1975 ஜூனில் நாடு முழுக்க அது வந்தாலும், தமிழ்நாட்டில் அப்போது தி.மு.க. ஆட்சி. இங்கே பிடி இறுகியது 1976 ஜனவரி 31-ல் அந்த ஆட்சியைக் கலைத்த பிறகுதான். 1975 ஆகஸ்டில் கும்பகோணத்தில் வீடு வீடாகக் கைது நடப்பதாக எழுதினால், அந்தக் காலத்தை வாழ்ந்தவர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். தணிக்கை நடந்த நாட்களில் எப்படிச் சேதி போனது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளுக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை முரசொலி போட்டது. அது கைதானவர்களின் பட்டியல். தணிக்கை அதிகாரிக்குப் பிடிபடாத அந்தச் சேதி, கட்சிக்காரர் வீட்டு மனைவிக்கு உடனே பிடிபட்டிருக்கும்.

இந்தக் காலத்துக்கு வந்தால் வயலில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு, 2017-ல் கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை அருகே இறந்தது இந்தப் பிரசாரத்தின் நடுவில்தான். இதை எழுதலாம், ஆனால் இதில் நடந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வழக்கோடும் இருக்கிறார்கள். முதல் கதைக்கு இதை எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை.

மூன்றாம் படி: தேதிக்குப் பக்கத்தில் பயிரை எழுதுங்கள்

எனக்குத் தெரிந்து டெல்டாக் கதைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். காலண்டர் தேதியை எழுதிவிட்டு வயலை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நோட்டில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வயலில் என்ன நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீர் உண்டா, வீட்டில் நெல் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, நீர் இருக்கிற ஆண்டுகளில் ஜூன் 12-ல் திறப்பார்கள். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி வாக்கில். சம்பா தை, மாசியில் அறுக்கும். தாளடி அதற்கும் பின்னால். பங்குனி தொடங்கி வைகாசி வரை வயல் மொட்டை, களி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்.

இதைக் குறித்துவிட்டால் கதை தானாகவே நிறையச் சொல்லும். மார்கழியில் ஓடுகிறவன் இடுப்பளவு சம்பாவுக்குள் உட்கார்ந்துவிடலாம், ஆனால் அவன் போன தடம் பயிரில் கோடு போட்ட மாதிரித் தெரியும். அட்டையும் குளிரும் அவனைத் தின்னும். சித்திரையில் ஓடுகிறவனுக்கு ஒளியப் பயிரே இல்லை, அரை மைல் தூரத்திலிருந்தே தெரிவான், ஆனால் காய்ந்த களியில் தடம் பதியாது. ஐப்பசியில் ஆறும் வாய்க்காலும் நிரம்பி நிற்கும், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகப் பாலமோ பரிசலோ வேண்டும், அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றாலே போதும். வெண்ணாறு, கோரையாறு, அரிச்சந்திராநதி என்று எந்த ஆறு உங்கள் கதையில் குறுக்கே வருகிறது என்று பாருங்கள். 1950 மே மாதத்துக் கொலைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்: அது மொட்டை வயல் காலம்.

பசியும் மாதத்தைப் பொறுத்தது. மாசியில் ஒரு பண்ணையாள் வீட்டில் தலைமறைவுக்காரருக்குச் சோறு வைப்பது ஒரு விதம். ஆவணியில், நெல் தீர்ந்து கீரையும் நண்டுமாக ஓட்டுகிற நாளில், அதே பானையை வைப்பது முற்றிலும் வேறு. கதையில் அந்த வீட்டுக் குழந்தை அன்றைக்கு என்ன சாப்பிட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழ்வெண்மணி நடந்தது மார்கழியில், கதிர் முற்றி அறுப்பு நெருங்குகிற மாதம். அறுப்பு நெருங்கும்போதுதான் ஆளுக்கு மதிப்பு, அப்போதுதான் கூலி பேச முடியும். சண்டை ஏன் அப்போது முற்றியது என்பதற்கு வயலிலேயே பதில் இருக்கிறது.

இன்னும் சில அளவுகள். 12 மரக்கால் ஒரு கலம். ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரலுக்குப் பிறகுதான் நயா பைசா. மயிலாடுதுறை 1982 வரை மாயவரம் அல்லது மாயூரம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-ல், திருவாரூர் 1997-ல். 1968-ல் நடக்கும் கதையில் "நாகை மாவட்ட எஸ்.பி. வந்தார்" என்று எழுதக் கூடாது, அப்போது எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா.

நான்காம் படி: பெரியவர்களிடம் போங்கள்

அந்தத் தலைமுறை போய்க்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்தப் படியைத் தள்ளிப் போடாதீர்கள்.

போனவுடன் போனை எடுத்து ரெக்கார்டரைப் போடாதீர்கள். ஒரு காலத்தில் விசாரணை என்ற பெயரில் அடி வாங்கிய குடும்பம் அது. நோட்டும் பேனாவும் எடுத்தாலே வாய் மூடிக்கொள்கிறவர்கள் உண்டு. முதல் நாள் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். இரண்டாம் நாள் கேட்டு, சம்மதித்தால் எழுதுங்கள்.

"நீங்கள் எப்படிப் போராடினீர்கள்?" என்று கேட்டால் மேடையில் கேட்ட பேச்சுத்தான் திரும்ப வரும். அதற்குப் பதில் கையைக் கேளுங்கள், வயிற்றைக் கேளுங்கள். அன்றைக்கு என்ன குழம்பு? விளக்கு எது, சிம்னியா காடா விளக்கா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா? நாய் இருந்ததா? அவர் எங்கே குளித்தார்? அவருடைய துணியை யார் துவைத்தது, எங்கே காயப்போட்டீர்கள்? துணி காயப்போடுகிற கேள்விக்கு ஒரு அம்மா என்னிடம் அரை மணி நேரம் பேசினார். ஆம்பிளை இல்லாத வீட்டில் ஆம்பிளை வேட்டி காய்ந்தால் ஊர் பார்க்குமே. ராத்திரி துவைத்து, அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைத்திருக்கிறார். வேட்டியெல்லாம் புகை வாசனை. நான் ஆயிரம் யோசித்தாலும் அந்தப் புகை வாசனை எனக்குத் தோன்றியிருக்காது.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் "அவளுக்கென்ன தெரியும்" என்று அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். நம் பகுதியில் மணலூர் மணியம்மாள் போன்றவர் இருந்திருக்கிறார். விதவையாக முடக்கப்பட்ட பிராமணப் பெண், கிராப் வெட்டி, வேட்டி கட்டி, சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார். 1953-ல் ஒரு மான் முட்டி இறந்தார். இதைக் கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏதோ குறியீடு என்று நினைப்பார்கள். உண்மையில் நடந்தது என்பதற்காக எல்லாவற்றையும் கதையில் வைக்க முடியாது.

பணம் கொடுத்துப் பேசச் சொல்லாதீர்கள். ஆனால் வெறுங்கையோடும் போகாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி பழமோ வெற்றிலை பாக்கோ வாங்கிப் போங்கள். அழத் தொடங்கினால் அன்றைக்குப் போதும் என்று எழுந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய அரசாணைகள், போலீஸ் அறிக்கைகள் அங்கே கிடைக்கும். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகள், துண்டு வெளியீடுகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அரசு அலுவலகத்தில் தேங்கியிருக்கும் தாளுக்கு 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

போலீஸ் அறிக்கையைப் படிக்கும்போது கவனமாக இருங்கள். அது எதிராளியின் கண். அதில் உங்கள் நாயகர் "ஆபத்தான ஆசாமி"யாக இருப்பார், ஐந்தரை அடி உயரம், இடது புருவத்தில் தழும்பு. அந்தத் தழும்பை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை நம்பாதீர்கள். நீதிமன்றத் தீர்ப்புகளையும் தேடிப் படியுங்கள். கீழ்வெண்மணி வழக்கில் உயர் நீதிமன்றம் நில உடைமையாளர்களை விடுவித்தபோது, காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் காரணம் சொன்னது. பண்ணை உலகம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை இதைவிடத் தெளிவாக உங்களால் கற்பனை செய்ய முடியாது.

ஆறாம் படி: உண்மையைக் கதையாக மாற்றுவது

என் இரண்டாவது கதையில் ஒரு பெரிய தப்புச் செய்தேன். காட்டிக்கொடுத்த ஒருவரைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஆனால் அவர் வீட்டு வாசலில் நின்ற வாதாமரத்தையும், அவருக்கு ஒரு காது கேட்காது என்பதையும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு சிறுபத்திரிகையில் கதை வந்தது. படித்த யாரோ சொல்லி, அவருடைய பேரன் என்னைத் தேடி வந்தான். சண்டை போடவில்லை. "எங்க தாத்தா சொன்னது உண்மைதாண்ணே. ஆனா அவரு நகத்துல ஊசி ஏத்தினது உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. அந்தக் கதையை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட முறை இது. ஒருவருடைய வாழ்க்கையை முழுசாக எடுப்பதில்லை. இரண்டு மூன்று பேரை ஒன்றாகப் பிசைந்து ஒருவராக ஆக்குகிறேன். பெயர், ஊர் மட்டுமல்லாமல், தழும்பு, தொழில், குடும்ப எண்ணிக்கை, வீட்டு மரம் என்று ஊர்க்காரருக்கு அடையாளம் தெரியக்கூடிய எதையும் மாற்றுகிறேன். காலத்தையும் பயிரையும் கூலியையும் சட்டத்தையும் மாற்றுவதில்லை. அடையாளம் கற்பனையாக இருக்கட்டும், நிலைமை உண்மையாக இருக்க வேண்டும்.

பொது வரலாற்றில் உள்ளவர்களை, உதாரணத்துக்கு சீனிவாசராவை, கதையில் கொண்டுவருவதானால் தூரத்தில் வையுங்கள். அடுத்த ஊர்க் கூட்டத்தில் பேசினார் என்று சொல்லலாம், அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்கக் கூடாது. சட்டமும் தெரிந்திருக்கட்டும்: இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அவர் உயிரோடிருந்தால் பெயர் கெடுமென்ற விதத்தில், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் 499-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 356.

ஏழாம் படி: வாயில் வருகிற சொல்

பண்ணையாள் மிராசுதாரை "ஆண்டே" என்றுதான் கூப்பிட வேண்டும். தோளில் துண்டு இருக்கக் கூடாது, இடுப்பில் இறங்க வேண்டும். சங்கம் வந்த பிறகு ஒரு நாள், ஒரு ஊரில், ஒருவர் முதன்முதலாக "ஆண்டே" என்று சொல்லாமல் "அய்யா" என்று சொல்லியிருப்பார். எதிரே நின்ற பண்ணைக் காரியக்காரருக்கு முகம் எப்படிப் போயிருக்கும்! அந்த ஒரு சொல் மாறிய நொடியை எழுதத் தெரிந்தால் ஊர்வலம், கோஷம் எதுவும் வேண்டாம்.

தலைமறைவில் இருந்தவர்கள் ஒளியும் வீட்டை "டென்" என்பார்கள். சிறைக்குப் போனவர்கள், பார்க்க வருவதை "மனு" என்பார்கள்: "இன்னைக்கு எனக்கு மனு வந்திச்சு." கொட்டடி, வார்டர், களி, இந்தச் சொற்களெல்லாம் அவர்கள் வாயில் தானாக வரும். நீங்கள் அடைப்புக்குறி போட்டு விளக்க வேண்டாம், வாசகருக்கு இடத்தைப் பார்த்தே புரியும்.

"தோழர்" என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். அப்பாயி அந்த மனிதரை ஒரு தடவைகூடத் தோழர் என்று சொன்னதில்லை. "அந்தப் புள்ள" என்றுதான் சொல்லும். அப்பாயிக்கு அப்போது இருபது வயசு, அவருக்கு முப்பது இருக்கலாம். இருந்தாலும் சோறு வைத்த கைக்கு அவர் புள்ளதான்.

எட்டாம் படி: அடியும் சாவும் எதிராளியும்

கொடுமையைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். சாணிப்பாலைக் கரைத்து ஒரு மனிதன் வாயில் ஊற்றியதை எழுத வேண்டி வந்தால், அதைக் கரைத்தது யார் என்று எழுதுங்கள். அதுவும் இன்னொரு பண்ணையாள்தான். அவன் வீட்டில் அன்று இரவு என்ன பேசியிருப்பார்கள்? அங்கே போங்கள்.

மிராசுதாரைப் பைத்தியமாக்காதீர்கள். கீழ்வெண்மணியை வைத்து வந்த நாவல் ஒன்றின் மீது இந்த விமர்சனம் கடுமையாகவே எழுந்தது: கூலிப் பிரச்சினையை ஒரு மனிதனின் அந்தரங்கக் குறைபாடாகச் சுருக்கிவிட்டது என்று. அந்த விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடுதான். ஒருவர் கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. நிலம் அவரிடம் இருந்தது, நெல் அவரிடம் இருந்தது, தாசில்தார் அவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்தார். அவர் வீட்டிலும் குழந்தைக்குக் காது குத்தியிருப்பார்கள், அவர் நல்ல தகப்பனாகவும் இருந்திருப்பார். அப்படி எழுதினால்தான் வாசகருக்குப் பயம் வரும்.

போலீஸ்காரரும் அப்படியே. அவரும் ஏதோ ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை. கோடையில் பத்து மைல் நடந்து வந்து தண்ணீர் கேட்பார். தலைமறைவுக்காரர் குடித்த அதே சொம்பில் அவருக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் படி: ஒரே ஒரு ராத்திரியை எழுதுங்கள்

நாவல் அப்புறம். முதலில் ஒரு ராத்திரி, ஒரு வீடு, மூன்று பேர், நாலைந்து பக்கம். எப்படி இருக்கலாம் என்று காட்ட, என் கதையின் தொடக்கத்தைத் தருகிறேன்:

"உலை கொதித்து அடங்கியிருந்தது. அவள் ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டிருந்தாள். மாமியார் பானைக்குள் எட்டிப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. 'புள்ளைவோ தூங்கிடுச்சா?' என்றாள். 'தூங்கிடுச்சு.' 'சின்னது?' 'அதுவுந்தான்.' மாமியார் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். கொல்லைக் கதவைச் சாத்தவில்லை."

இதில் யார் வருகிறார், ஏன் வருகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு கைப்பிடி அரிசியும் சாத்தாத கதவும்தான் இருக்கின்றன. நீங்களும் இப்படி இரண்டு பொருளைக் கண்டுபிடித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள். மேடைப் பேச்சு மாதிரிக் கேட்கிற இடங்களை அடித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள்.

அப்புறம், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், யார் சொல்லி எழுதினீர்களோ அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. காதால் கேட்டுப் பிழை பிடிப்பார்.

நான் அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டது. கடைசி ராத்திரியை எழுதியிருந்தேன்: போலீஸ் வரும் சத்தம், அந்த மனிதர் வைக்கோல் போரிலிருந்து இறங்கி வாய்க்கால் பக்கம் ஓடுகிறார், எங்கள் நாய் குரைக்கிறது. அப்பாயி உலக்கையை நிறுத்தியது.

"நாயி எங்கடா கொலைச்சிச்சு?"

"ஓடுறப்ப கொலைக்காதா அப்பாயி?"

"பதினோரு நாளும் அது மூஞ்சியப் பாத்துட்டு, அதுக்கு ஒரு உருண்டை வெச்சுட்டுத்தான் அந்தப் புள்ள சாப்புட்டுச்சு. அது எதுக்குக் கொலைக்கப் போவுது? அதுவும் பின்னாடியே போயிடுச்சு. ரெண்டு நா கழிச்சுத்தான் வந்திச்சு."